அறையில் எல்லோரும் பெண்கள்

பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்டது நான். அடுத்த முறை ஆண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்டதும் நான். இரண்டு முறையும் பிடிவாதமாகத்தான் கேட்டேன். இரண்டில் எது சரி என்று இன்றைக்கு என்னைப் பிடித்து உலுக்கினாலும் பதில் வராது.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. மலேசியாவில், ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் வீடு. வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், பிஸ்கட் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில். உள்ளே போனதும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தலைக்கு வெள்ளைத் தொப்பி. சாப்பாட்டுப் பொருளைத் தொடுகிறவர்கள் வெள்ளையில்தான் நிற்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, அவனுக்கு மாதவிலக்கு வந்திருக்காது. எனக்கு அது நிற்கப்போகிற வயதில் நிற்காமல், நினைத்தால் வந்தது. வந்தால் போக மறுத்தது. வீடு திரும்பும்போது பஸ் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நகராமல் கிடக்கும். எல்லோரும் இறங்கி நடப்பார்கள். நான் இடுப்பைச் சுற்றி ஒரு ஸ்வெட்டரைக் கட்டிக்கொண்டு, எழுந்தால் என்ன ஆகுமோ என்று உட்கார்ந்தே இருப்பேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் தம்போயிலேயே ஒரு பட்டறையில் கார் பழுது பார்க்கிறவர். எந்தச் சத்தம் கேட்டாலும் வண்டியைத் தூக்கி அடியில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஒரே கொள்கை. "ஆஸ்பத்திரிக்குப் போ லா. யாரு பாத்தா என்ன? பாக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

சொல்லிவிட்டு சிகாமட்டில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டார். எங்கள் குடும்பத்து முறை அது. பெண்களுக்கு 'அந்த மாதிரி' வைத்தியம் என்றால் புருஷன் வண்டி ஓட்டுவான், வாசலில் இறக்கிவிடுவான், அதோடு சரி. உள்ளே துணைக்கு வீட்டுப் பெரிய பெண் ஒருத்திதான் வருவாள். என் இரண்டு பிரசவத்துக்கும் நாத்தனார்தான் வந்தார். இதற்கும் அவர்தான் பஸ் ஏறி வந்தார், கையில் ஒரு பை நிறைய முறுக்கோடு. ஆஸ்பத்திரியில் காத்திருந்தால் பசிக்குமாம்.

வந்ததும் சட்டம் போட்டார். "பொம்பள டாக்டருதான். நான் பேசிக்கிறேன், நீ வாயத் தொறக்காத."

அவர் சொல்லியிருக்காவிட்டாலும் நான் அதைத்தான் கேட்டிருப்பேன். பிரசவத்தின்போது ஓர் ஆண் டாக்டர் வந்து பார்த்தது உண்டு. வலியில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் வலி இல்லாமல், சுயநினைவோடு, நம் காலில் நடந்து போய், நாமே படுத்து, ஓர் ஆணுக்குக் காட்டுவது என்றால் என்னால் முடியாது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. முடியாது, அவ்வளவுதான்.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இருந்த கிளினிக்கில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண், இப்போதைக்கு ஆண் டாக்டர்தான் இருக்கிறார், உடனே போகலாம், பெண் டாக்டர் என்றால் மதியம் ஆகும் என்றாள். "துங்கு, துங்கு. காத்திருக்கோம்" என்று நாத்தனார் இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

காத்திருந்தோம். எங்களைப் போலவே இன்னும் சிலர் பெண் டாக்டருக்காகக் காத்திருந்தார்கள். ஒரு மலாய்ப் பெண்ணுக்காக அவள் புருஷன் போய்க் கவுண்டரில் பேசிவிட்டு வந்தான். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவள் சொல்லி நான் கேட்கவில்லை. எங்களுக்குப் பிறகு வந்த ஒரு சீன அம்மாள், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே ஆண் டாக்டர் அறைக்குள் போனார், கண்ணை எடுக்காமலே வெளியே வந்தார், மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கும் போய்விட்டார். நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

சும்மா இருக்க மாட்டாமல் நாத்தனாரைச் சீண்டினேன். "அண்ணி, நீங்க சாரி ஜாக்கெட் யாருகிட்ட தைக்கிறீங்க?"

சிகாமட்டில் அவருக்குப் பிடித்த தையல்காரர் ஓர் ஆண். மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டு அளவெடுப்பார். முப்பது வருடமாக நாத்தனார் அவரிடம்தான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

"அது வேற, இது வேற" என்றார்.

"எப்படி வேற?"

"அவரு டெய்லரு லா."

"இவரு டாக்டரு."

"வாய மூடிக்கிட்டு முறுக்கத் தின்னு."

தின்றேன். மதியத்துக்கு மேல் என் எண் வந்தது. கதவைத் திறந்தால், உள்ளே இருந்த பெண் டாக்டர் எழுந்து நின்று, "ஆன்ட்டி!" என்றாள்.

எங்கள் தாமானில் இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுப் பெண். அவளுடைய அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமைகளில் கோயில் சமையலறையில் இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறவர்கள். இந்தப் பெண்ணுக்கு டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தபோது அக்கா லட்டு கொடுத்தார், நான் அதைத் தாமான் முழுக்கப் பெருமையாக விநியோகம் செய்தேன். பெண் டாக்டர் கேட்டேன். நாங்கள் தூக்கி வளர்த்த பெண்ணே டாக்டராக வந்து நின்றாள்.

நாத்தனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம புள்ள! பாத்தியா, காத்திருந்தது வீண் போகல" என்று சொல்லி, கேட்காமலே என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

எவ்வளவு நாளாக, எவ்வளவு போகிறது, கட்டியாக வருகிறதா என்று அவள் கேட்டாள். சொன்னேன். அதெல்லாம் சொல்ல முடிந்தது. நாத்தனாரும் நடுநடுவே எடுத்துக் கொடுத்தார். பிறகு அவள் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க, கேக்கணும். அங்கிள் கூட இப்பவும் இருக்கீங்களா? அதுக்கப்புறம் ரத்தம் படுதா?" என்றாள்.

அறையில் எல்லோரும் பெண்கள். டாக்டர் பெண், மூலையில் நின்ற நர்ஸ் மிஸி பெண், துணைக்கு வந்தவர் பெண், நான் பெண். இதைவிடப் பத்திரமான அறையை யாராலும் எனக்கு ஏற்பாடு செய்து கொடுக்க முடியாது. ஆனால் துணைக்கு வந்தவர் என் புருஷனுடைய அக்கா. அவர் சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் என் பக்கம் இருந்தது. கேள்வி கேட்டவளோ, என்னை அத்தையைப் போல நினைக்கிற பெண். வீட்டில் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். கல்யாண வயதில் மகளை வைத்துக்கொண்டிருக்கிறவளுக்குப் புருஷன் என்பவன் அவள் சோறு போட்டுத் தண்ணீர் வைக்க வேண்டிய ஆள் மட்டும்தான் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கிற பாவனை ஒன்று உண்டு. அதை நான் எப்படி அந்த இடத்தில் உடைப்பேன்?

"அதெல்லாம் இல்லம்மா" என்றேன். "அதெல்லாம் எப்பவோ நின்னு போச்சு."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. நாத்தனார் ஆமோதித்துத் தலையாட்டினார்.

அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? அவள் வீட்டிலும் அப்படித்தானே சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு ரத்தம் அதிகமாக இருந்ததால் உள்ளே பரிசோதிக்க முடியவில்லை. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "இந்த வயசுல இது நெறைய பேருக்கு வர்றதுதான் ஆன்ட்டி. மாத்திரை தரேன். நின்னதும் வாங்க, உள்ள பாத்துடலாம். அவசரமில்ல" என்றாள். எதிரில் அம்மனே நிற்பதுபோல நாத்தனார் கும்பிட்டார்.

மாத்திரையில் நின்றது. நின்றதும் மறந்தேன். வெள்ளை உடுப்பில் நிமிர்ந்து நடந்தேன். பாலத்தில் எல்லோரோடும் இறங்கி நடந்தேன். மறுபடி போக வேண்டிய தேதியைக்கூட ஒருமுறை தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு நாள், நானும் என் கணவரும் சேர்ந்திருந்த பிறகு, படுக்கை விரிப்பில் ரத்தம். மாதவிலக்கு நாளே இல்லை. மறுமுறையும் அப்படியே.

எனக்குப் பயம் வந்தது. சாதாரணப் பயம் இல்லை. அவள் கேட்டாளே, அந்தக் கேள்வியைச் சும்மா கேட்டிருக்க மாட்டாள் என்கிற பயம். கைப்பேசியில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. அங்கே கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று இருந்தது. அந்த வரியை விரலால் மேலே தள்ளிவிட்டேன். அது மறுபடி வேறு இடத்தில் வந்தது.

போக வேண்டும். போய், அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணிடமா? வெள்ளிக்கிழமை அவளுடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எப்படிக் காய் நறுக்குவேன்? அவள் வெளியே சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டாள் என்பது வேறு, அவளுக்குத் தெரியும் என்பது வேறு. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே கணவரிடம் சொன்னேன்: "இந்தத் தடவ ஆம்பள டாக்டர்கிட்டயே காட்டிக்கிறேன்."

யார் பார்த்தால் என்ன என்று சொன்ன மனிதர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "எத்தன வயசு?" என்றார்.

"யாருக்கு?"

"அந்த டாக்டருக்கு."

"எனக்கு எப்படி லா தெரியும்?"

"இல்ல, சும்மா கேட்டேன்" என்று மறுபடி பிசைய ஆரம்பித்தார்.

நாத்தனார் மறுபடியும் முறுக்குப் பையோடு துணைக்கு வந்தார். கவுண்டரில் அதே மலாய்ப் பெண். நான் "டோக்டோர் லெலாக்கி" என்றதும், சென்ற முறை பெண் டாக்டருக்காக நாங்கள் மதியம்வரை காத்திருந்தது அவளுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும், "ஆண் டாக்டரா? நிச்சயமாகவா அக்கா?" என்று மலாயில் இரண்டு முறை கேட்டாள். நாத்தனாருக்கு மூச்சே நின்றுவிட்டது.

"ஒனக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா? நம்ம புள்ள இருக்கு உள்ள!"

"அதான் அண்ணி" என்றேன்.

"என்ன அதான்?"

நாத்தனார் முறுக்குப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் உள்ள வரமாட்டேன்பா. அந்தக் கண்றாவிய நான் பாக்க மாட்டேன்" என்று வெளியே உட்கார்ந்துவிட்டார். அவரை எப்படி வெளியே நிறுத்துவது என்று இரவெல்லாம் யோசித்தவளுக்கு, டாக்டர் ஆணாக இருந்ததே போதுமாக இருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உள்ளே போனேன்.

மலாய்க்காரர், தாடி வைத்தவர், என் கணவர் கவலைப்பட்டதைவிட இளையவர். மிஸி என் பக்கத்திலேயே நின்றாள். அவர் மலாயில், பெண் டாக்டர் வேண்டுமானால் கூப்பிடுகிறேன், தயங்க வேண்டாம் என்றார். வேண்டாம் என்றேன். அதே கேள்வியைக் கேட்டார். நானும் அதே வேகத்தில் பதில் சொன்னேன்: இருக்கிறோம், ரத்தம் படுகிறது, இரண்டு முறை. சொல்லி முடித்ததும் நாக்கு லேசானது. அந்த ஆளுக்கு என் மகளைத் தெரியாது, என் நாத்தனாரைத் தெரியாது, கோயில் பலகையைத் தெரியாது. என்னைப் பற்றி அவர் எதையும் நினைக்கப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. அதற்காகத் திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தபோது வெட்கமாக இல்லை என்று சொல்லமாட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, மிஸியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வெட்கத்தோடு கிடக்க முடிந்தது, அவ்வளவுதான்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, இங்கே எனக்கு ஓர் இடம் சரியாகப் படவில்லை, என்னைவிட மூத்தவர் ஒருவர் பார்த்தால் நல்லது, கூப்பிடட்டுமா என்றார். பயத்தில் "போலே, போலே" என்றேன். சரி, யாரையாவது கூப்பிடுங்கள், எல்லோரையும் கூப்பிடுங்கள்.

திரை விலகியது. வந்தவள் அவள்தான்.

கால்கள் மேலே, நான் கீழே, ஓடுவதற்கு வழி இல்லை. ஆண் டாக்டர் என் தலைமாட்டில் நின்று ஆங்கிலத்தில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான் மறைத்ததும் அதில் வந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் கையுறையை மாட்டிக்கொண்டாள். "ஆன்ட்டி, கொஞ்சமா சதை எடுப்பேன். கிள்ற மாதிரி இருக்கும். வலிச்சா சொல்லுங்க." கிள்ளுகிற மாதிரிதான் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது அதனால் இல்லை.

எல்லாம் முடிந்து, ஆண் டாக்டர் தன் மேசைக்குப் போனார், மிஸி எடுத்ததைக் கொண்டுபோனாள். அவள் மட்டும் திரைக்குள் நின்று எனக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். "அன்னிக்கு நான் உங்க கூட வந்தவங்கள வெளிய இருக்கச் சொல்லியிருக்கணும். என் தப்பு ஆன்ட்டி" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேலா, என்மேலா என்று தெரியவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் போகாமல் நின்றாள். பிறகு டாக்டர் குரல் போய்விட்டது, கோயிலில் சுண்டலுக்குக் கை நீட்டிய சின்னப் பெண்ணின் குரல் வந்தது. "ஆன்ட்டி, ஒரு உதவி. அம்மாவுக்கு நின்னு மூணு நாலு வருஷம் ஆகுது. இப்ப பாத்ரூம் அலமாரில பேட் பாக்கெட் இருக்கு. என்னோடது இல்ல. கேட்டா பழசுங்கறாங்க. பழசு இல்ல. நின்னு போனவங்களுக்குத் திரும்ப ரத்தம் வந்தா உடனே பாக்கணும் ஆன்ட்டி. எத்தன தடவ கேட்டுட்டேன். எங்கிட்ட சொல்லவே மாட்டேங்கறாங்க. நீங்க கேட்டுப் பாக்குறீங்களா?"

என் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் அந்தப் பக்கம் திரும்ப ஆரம்பித்திருந்த செல்கள். சின்ன அறுவையில் எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பெரிய அறுவையாகியிருக்கும் என்றார்கள். அறுவையை ஆண் டாக்டர் செய்யவா, பெண் டாக்டர் செய்யவா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, "உங்ககிட்டயே விட்டுட்டேன்" என்றேன். நாத்தனார் சிகாமட் முழுக்க, பொம்பள டாக்டர்தான் கண்டுபிடித்தார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உண்மை என்றும் சொல்ல முடியவில்லை.

டாக்டர் பெண்ணின் அம்மாவை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன். யோசித்துப் பார்த்தால், அவரைச் சமையலறையில் பார்த்தே பல வாரம் ஆகியிருந்தது. முட்டி வலி என்று சொல்லி அனுப்பியிருந்தார். விலக்கு நாளில் நாங்கள் கோயிலுக்குள் போவதில்லை. நானும் அந்த மாதங்களில் பாதி வெள்ளிக்கிழமை ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டில் இருந்தவள்தான். அதெப்படி எனக்கு உறைக்காமல் போனது?

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கோயில் வாசலில், செருப்பு விடுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். எண்ணெய்ப் புட்டியைப் புருஷனிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே இருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்ததும், "முட்டி வலிம்மா, படி ஏற முடியல" என்றார். நான் பார்த்தேன். அங்கே இருந்ததே ஒரு படிதான்.

"அக்கா, ரத்தம் படுதா?" என்றேன். வேறு மாதிரிக் கேட்கத் தெரியவில்லை.

"சீ, கோயில் வாசல்ல என்ன பேச்சு. அதெல்லாம் எப்பவோ நின்னு போச்சு."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. நானே என் எதிரில் நின்று சொன்ன மாதிரி இருந்தது. அவரைக் கார்கள் நிற்கிற பக்கம் அழைத்துப்போய், என் கதையைச் சொன்னேன். மறைத்தது, ரத்தம், பயம், அறுவை, எல்லாம். அவருடைய மகள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவர் செருப்புக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மணி அடித்தது. இருவரும் கும்பிட்டோம்.

"அங்க பொம்பள டாக்டர் இருக்காங்களா?" என்றார்.

"இருக்காங்க" என்றேன். அது அவருடைய மகள்தான். அவருக்கும் புரிந்துவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"ஆம்பள டாக்டர் ஒருத்தரும் இருக்காரு அக்கா. மலாய்க்காரரு. நல்லா பாக்குறாரு."

"தமிழ் தெரியுமா அவருக்கு?"

"தெரியாது."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். புருஷன் விபூதி வாங்கிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"திங்கக்கெழம லீவு போடு. புள்ளைக்குத் தெரிய வேணாம்" என்றார். "நீ கூட வா. ஆனா வெளியவே உக்காந்துக்க. உள்ள வராத."

சரி என்றேன். சந்தேகம் வந்தால் அந்த டாக்டர் யாரைக் கூப்பிடுவார் என்பதை நான் சொல்லவில்லை.